முனியாயியைக் கொன்ற கடிதம்

1.

இந்தக் கதை ஒரு வரைபடத்திலிருந்து பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மதுரையில் இலவசமாக டயாலிசிஸ் செய்யும் ஓர் அறக்கட்டளை (பெயர் வேண்டாம், கதைக்காக நானே கற்பனை செய்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்). நன்கொடையாளர்களுக்கு மாதம் ஒரு கடிதம் எழுதுவது என் வேலை. வரும் நன்கொடை ஏறுகிறதா, இறங்குகிறதா என்று கோடு போட்டுப் பார்ப்பது தேவிகாவின் வேலை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'செல்லூர்ச் சந்து ஒன்றில், தறிச் சத்தத்துக்கு நடுவே ஒரு பெண்...' அடித்துவிட்டேன். இந்தக் கதைக்குரிய தங்கப்பொண்ணு நாகமலை புதுக்கோட்டைக்காரி. தறிச் சத்தம் நன்றாக இருக்குமே என்று சேர்த்தேன். என் புத்தி அப்படி.

2.

தங்கப்பொண்ணுக்கு வயது ஐம்பத்தெட்டு. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. திங்கள், புதன், வெள்ளி காலை பத்து மணிக்கு நான்காம் கட்டில் அவளுடையது. (நேரில் 'அம்மா' என்றுதான் அழைப்பேன். எழுதும்போது மட்டும் எனக்கு 'அவள்' வந்துவிடுகிறது.) கடிதத்தில் முனியாயி என்று பெயரை மாற்றினேன். முகத்தைக் காட்டாமல் இடது கையை மட்டும் படம் எடுத்துப் போட்டேன். அதில் பச்சை குத்திய ஒரு தேள். ஊசி ஏற்றி ஏற்றி நரம்பு வீங்கியதில் அதன் கொடுக்கு கோணிக்கொண்டு நிற்கும்.

ஆறு கடிதங்கள் போன பிறகு தேவிகா கணினியைத் திருப்பிக் காட்டினாள்.

"சார், முனியாயி மயங்கி விழுந்த மாசம் கோடு ஏறுது. பேத்தி காதுகுத்துக்குப் போயிட்டு வந்தாங்கன்னு எழுதுனீங்கள்ல, அந்த மாசம் இறங்கிருச்சு. இப்படியே போனா ஜனவரியில சாயங்கால ஷிப்ட மூடணும். பதினோரு பேரு சார்."

தேவிகாவைக் கெட்டவளாக்கிவிட்டால் கதை சுலபமாகிவிடும். இரண்டு முறை முயன்றேன், வரவில்லை. அந்தப் பதினோரு பேரையும் அவளுக்குப் பெயர் சொல்லித் தெரியும்.

ஏழாம் கடிதத்தில் முனியாயியைக் கொன்றேன். கோடு விறுவிறுவென்று ஏறியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

3.

[இங்கே மனிதநேயம் பற்றி ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன்.]

கடிதம் வாட்ஸாப்பில் சுற்றியது. போன புதன்கிழமை ஒருவர் மஞ்சள் பையோடு வாசலில் வந்து நின்றார். தங்கப்பொண்ணின் அண்ணன் முத்திருளன். ஒன்பது வருடமாகத் தங்கையோடு பேச்சுவார்த்தை இல்லை. படத்தில் தேளைப் பார்த்து அடையாளம் கண்டிருக்கிறார். பைக்குள் கோடிச் சேலை. உடன்பிறந்தவள் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து போர்த்துவது.

"எந்தங்கச்சிய எங்கய்யா கொண்டு போனீக?" என்று என்னைத்தான் கேட்டார்.

நான்காம் கட்டிலிலிருந்து குரல் வந்தது. "யாருண்ணே செத்தது?"

முத்திருளன் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு அழுதார். (ஓர் உவமை போடக் கை துறுதுறுத்தது. வேண்டாம்.) அவள் கடிதத்தைப் படிக்கச் சொன்னாள். ஒரு வரி விடாமல் படித்துக் காட்டினேன்.

"நல்லாத்தான் சாகடிச்சிருக்கீக சார்," என்றாள். பிறகு அண்ணனிடம் கையை நீட்டினாள். "சேலையக் குடு. கொண்டாந்தத ஏன் திருப்பிக் கொண்டு போற?"

4.

இனிமேல்தான் சிக்கல். இந்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நன்கொடையாளர்கள் வருகிறார்கள். நான்காம் கட்டிலுக்கு மேலே பலகை மாட்டப்போகிறார்கள்: 'முனியாயி நினைவாக.' உண்மை தெரிந்தால் பணத்தை நிறுத்திவிடுவார்கள். மற்ற கட்டில் எதுவும் காலியில்லை. கையைப் போர்வையால் மூடவும் முடியாது. ஊசி ஏறுவது அந்தக் கையில்தான், கண் பார்வையிலேயே இருக்க வேண்டும்.

"தங்கப்பொண்ணம்மாவ சனிக்கிழமை வரச் சொல்லுங்க சார். ஒரு நாள்தானே," என்றாள் தேவிகா, திரையைப் பார்த்துக்கொண்டே.

தீபாவளிக்கும் டயாலிசிஸ் ஒரு நாள்தான் தள்ளிப்போனது. நுரையீரலில் நீர் கோத்து, தங்கப்பொண்ணு மூன்று நாள் மூச்சுக்குத் திணறினாள். தேவிகாதான் ஆம்புலன்ஸில் கூடப் போனவள்.

நேற்று நானே அலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன்.

"நான் வந்தா பதினோரு பேருக்கு இல்லாமப் போயிரும்ங்கிறீக."

"ஆமாம்மா."

"வராட்டி?"

எனக்குப் பயமாக இருந்தது.

"அண்ணன் கொண்டாந்த சேலை அம்புட்டு நல்லா இருக்கு சார். அதைக் கெட்டிக்கிட்டு வாரேன்," என்று வைத்துவிட்டாள்.

5.

முடிவு அ: அவள் மனம் மாறிச் சனிக்கிழமை வருகிறாள். கோடு ஏறுகிறது. ஞாயிற்றுக்கிழமை... (இதற்கு மேல் எழுத மாட்டேன். ஒருமுறை கொன்றது போதும்.)

முடிவு ஆ: நன்கொடையாளர்கள் அவளைப் பார்த்துச் சிரித்து, மன்னித்து, இன்னும் அதிகமாகத் தருகிறார்கள். நீங்களே நம்ப மாட்டீர்கள்.

முடிவு இ: நான் காளவாசல் சிக்னலில் அவர்கள் காரை மறித்து, எல்லாப் பொய்யும் என்னுடையதுதான் என்று

அதற்குத்தான் இங்கே வந்து நிற்கிறேன். வெள்ளிக்கிழமை, மணி ஒன்பது நாற்பது. இதைக் கைப்பேசியில் எழுதிக்கொண்டிருக்கிறேன். எதிரே பேருந்திலிருந்து தங்கப்பொண்ணு இறங்குகிறாள். மடிப்புக் கலையாத அரக்குச் சேலை. சிக்னல் மாறப்போகிறது. முதல் வரிசையில் அவர்கள் கார் நிற்கிறது. அவள் இடது கையைத் தூக்கி, வண்டிகளைப் பொறுக்கச் சொல்லிவிட்டு, அதன் முன்னால் கடக்கிறாள். தேள் தெரிகிறது.

பின்சீட்டில் உட்கார்ந்திருப்பது நீங்கள். ஏழாம் கடிதம் படித்து அழுது, பணம் அனுப்பியதும் நீங்கள்தான். அவள் சாகவில்லை. கண்ணாடியை இறக்கி, அவளிடம் என்ன சொல்லப்போகிறீர்கள்?