திராட்சைக் கொத்தைப் பிடித்த கை

காலை ஏழு மணிக்கே பாவாடை பந்தல் மேல் ஏறிவிட்டான். பல்லிடுக்கில் பச்சை நூல், தோளில் சணல் பை, பை நிறையத் திராட்சைக் கொத்துகள். ஒவ்வொரு கொத்தாக எடுத்து, கொடியோடு சேர்த்து வைத்து, நூலைச் சுற்றி, இரண்டே விரலால் முடிச்சுப் போட்டுக்கொண்டே போனான். மில்லில் இருபத்திரண்டு வருஷம் அறுந்த இழையைப் பிணைத்த விரல்கள். கீழே நின்று பார்க்கிறவனுக்குக் கொத்து காய்த்துத் தொங்குவது போலத்தான் தெரியும்.

கோரிமேட்டைத் தாண்டி சேதராப்பட்டுக்குப் போகிற வழியில் இருக்கும் அந்தச் செம்மண் மேட்டில் வேறு எது காய்த்தாலும் திராட்சை காய்க்காது என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். முசியே என்று ஊர் மரியாதையாகக் கூப்பிடும் பிரான்சுவா கேட்கவில்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு திரும்பியவர், மேட்டுச் சரிவில் நாலு காணி வாங்கி, கல்தூண் நட்டு, சவுக்குக் கழி போட்டுப் பந்தல் ஏற்றினார். கொடி படர்ந்தது. ஐப்பசி மழையில் பிஞ்செல்லாம் பூஞ்சை பிடித்து உதிர்ந்தும் போனது. அதற்குள் பாரீசில் இருக்கும் மகள், தன் கல்யாண விருந்தை அப்பாவின் திராட்சைத் தோட்டத்தில்தான் வைக்க வேண்டும் என்று எழுதிவிட்டாள். சிநேகிதிகள் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டதாம். முசியே பெரிய மார்க்கெட்டில் பதினெட்டுக் கூடை திராட்சை வாங்கி வரச் சொன்னார். பணம் இருந்தால் பட்ட மரமும் காய்க்கும்.

பாவாடையைக் கூட்டி வந்தது அல்போன்ஸ். இரண்டு பேரும் கருவடிக்குப்பத்தில் எதிரெதிர் வீடு. ஜானகிராமனின் ஸ்டுடியோவில் அல்போன்ஸ் கேமராமேன், கல்யாணப் படம் அவர்கள் பொறுப்பு. படம் பிடிப்பான், கழுவுவான், முகத்தில் பரு இருந்தால் நெகட்டிவில் பென்சிலும் பிளேடும் வைத்து எடுப்பான். மில் மூடி பதினாலு மாசமாகப் பாவாடை வீட்டில் குந்தியிருப்பதைப் பார்க்கச் சகிக்காமல், "முடிச்சுப் போடற வேலைக்கி ஒன்ன விட்டா யாரு கெடைப்பா, வா" என்று அவன்தான் இழுத்து வந்தான். முசியே நேரிலேயே நின்று, கைத்தடியால் காட்டி, இங்கே ஒன்று அங்கே ஒன்று என்று கட்டச் சொன்னார்.

"நல்ல வேலைக்காரன்" என்று அல்போன்சிடம் சொல்லவும் செய்தார். "ஒரு முடிச்சுகூடக் கண்ணுக்குத் தெரியலையே!"

டவுனில் மாதா கோயிலில் பூசை முடிந்து, பதினோரு மணிக்குக் கார்கள் மேடேறி வந்தன. கூலியாட்களை எல்லாம் பின்பக்கம் போகச் சொல்லிவிட்டார்கள். படத்தில் ஒரு அழுக்கு வேட்டிகூடத் தெரியக் கூடாது என்பது உத்தரவு. பாவாடையை மட்டும் மேலேயே இருக்கச் சொன்னார்கள், கொத்து ஏதாவது அறுந்து விழுந்தால் உடனே கட்ட ஆள் வேண்டுமே. அவன் இலைகளுக்குள் குப்புறப் படுத்துக்கொண்டான்.

அல்போன்ஸ் முக்காலியில் யாஷிகா கேமராவை நிறுத்தி, மேலே இருந்து குனிந்து கண்ணாடியில் பார்த்தான். வெள்ளைக் கவுனில் பெண், பக்கத்தில் மாப்பிள்ளை. எல்லாம் சரி, பெண்ணின் தலைக்கு மேலே மட்டும் வெறிச்சென்று ஒரு ஓட்டை.

"பாவாடை" என்று அண்ணாந்து கூப்பிட்டான். "ஒரு கொத்த நூலோட எறக்கு. இன்னும். இன்னும் கொஞ்சம். அங்கியே புடிச்சிக்க. அசையாத."

பந்தலுக்கு அடியில் நிழல். ஷட்டர் மெதுவாகத்தான் ஓடும். கீழே நிற்பவர்களும் ஆடக் கூடாது, மேலே தொங்குவதும் ஆடக் கூடாது. முதல் தடவை பெண் கண்ணை மூடிவிட்டாள். இரண்டாம் தடவை முக்காடு காற்றில் பறந்தது. நாலு பெண்கள் ஓடி வந்து அதைச் சரி செய்து, ஊசி குத்தி, பவுடர் போட்டுவிட்டுப் போனார்கள்.

"அசையாத, பாவாடை. ஆச்சி, ஆச்சி, இதோ ஆயிடுச்சி."

மூன்றாவது தடவை எல்லாம் கூடி வந்தது. பெண் அண்ணாந்து கொத்தைப் பார்த்துச் சிரித்தாள். அல்போன்ஸ் அழுத்தினான். நல்ல படம் விழுந்துவிட்டது என்று அவனுக்கு அந்த நிமிஷமே தெரிந்தது. நிமிர்ந்தான். சவுக்குக் கழி படாரென்று முறிந்தது.

பாவாடை நேராக விழுந்திருந்தால் மண்ணில் விழுந்திருப்பான். ஓரத்தில் தண்ணீர்த் தொட்டி இருந்தது. அதன் விளிம்பில் முதுகு பட்டது. பெண் வீலென்று கத்தினாள். அவள் கவுனில் திராட்சைச் சாறு தெறித்திருந்தது. நாலு பேர் தண்ணீரோடு ஓடினார்கள், கவுனைத் துடைக்க.

பாத்திரம் ஏற்றி வந்த வேனில் பாவாடையைப் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அல்போன்ஸ் கூடப் போக இரண்டடி வைத்தான். "இன்னும் கேக் வெட்டறது இருக்கு" என்றார் முசியே. பையில் இரண்டு ரோல் பாக்கி. அவன் திரும்பி வந்து அதையும் எடுத்து முடித்தான். ஐயோ, அந்த இரண்டு ரோலையும் எதற்கு எடுத்தோம் என்று பிறகு எத்தனையோ தடவை நினைத்துக்கொண்டான்.

நாலாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனான். பாவாடை மல்லாந்து கிடந்தான். இடுப்புக்குக் கீழே இருப்பது அவனுக்கு இல்லாதது மாதிரி. பாவாடையின் பெண்சாதி வீராயி அவன் பாதத்தை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்ப்பது அவனுக்குத் தெரியவில்லை. அது அவளுக்கும் தெரியும்.

"வா, அல்போன்சு" என்றான் பாவாடை. "படம் நல்லா வந்துச்சா?"

"அத வுடு. ஒனக்கு எப்பிடிக்கீது?"

"கழி மொதல்லியே விண்ணுவிண்ணுன்னுச்சிப்பா. ரெண்டாவது வாட்டியே கேட்டுச்சி. தள்ளிப் படுக்கலாம்னு பாத்தேன். நீ அசையாதன்னியே, படம் கெட்டுடப் போவுதுன்னு அப்பிடியே இருந்துட்டேன்."

குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. நடந்ததைச் சொன்னான், அவ்வளவுதான். அல்போன்ஸ் வாங்கி வந்த சாத்துக்குடியை வைத்துவிட்டு வெளியே வந்தான்.

வீராயி பின்னாலேயே வந்தாள். படி ஓரமாக நின்று புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இனிமே எழுந்து நடக்க மாட்டாராம்ணே. லேபர் ஆபீசுல எழுதிக் குடுத்தேன். அந்த முசியே ஆளு வந்து இன்னா சொல்லிட்டுப் போனான் தெரியுமா? இவர யாரும் வேலைக்கிக் கூப்பிடலியாம். கல்யாணக் கூட்டத்துல திராட்சை திருட ஏறினாராம்."

"திருடவா?"

"ஆமாண்ணே. மார்க்கெட்டுலேர்ந்து வந்த பழத்த கொடியில கட்னவரு, கொடியிலேர்ந்து திருடினாராம். தோட்டத்தாளுங்க ஒருத்தரும் வாயத் தொறக்கல. அவுங்களுக்கும் வயிறு இருக்குதில்ல. வாயால சொன்னா செல்லாது, ஏதாவது அத்தாட்சி இருந்தா வெயாழக்கெழம கொண்டாம்மான்னு ஆபீசரு சொன்னாரு. நீங்க எடுத்த படத்துல அவரு விழுந்திருக்காராண்ணே? நூலும் கையுமா?"

"விழுந்திருப்பான்."

"ஒரே ஒரு படம் போட்டுக் குடுங்கண்ணே. கால நான் எங்க போயிக் கேக்கப் போறேன். அவரு திருடலன்னு தெரிஞ்சாப் போதும், மத்தத அவுங்களே பாத்துக் குடுப்பாங்க."

"புதன்கெழம வா" என்றான் அல்போன்ஸ். மனசாரத்தான் சொன்னான்.

அன்றைக்குச் சாயந்திரமே கழுவினான். நெகட்டிவில் எல்லாம் மாறித்தான் இருக்கும். வெள்ளைக் கவுன் கன்னங்கரேலென்று இருந்தது, கறுத்த பாவாடை வெளுத்திருந்தான். பெண்ணின் தலைக்கு மேலே இலைகளுக்கு நடுவில் அரிசி அளவு முகம், பல்லில் கடித்த நூல், கீழே நீண்ட கை, கையில் நூலோடு தொங்கும் கொத்து. தெளிவாக இருந்தது. கொஞ்சமும் அசைந்திருக்கவில்லை. உடனே ஒரு காகிதத்தில் போட்டு எடுத்துப் பைக்குள் வைத்திருக்கலாம். நாளைக்குப் போட்டால் போகிறது என்று விளக்கை அணைத்தான். அந்த முகத்தைப் பெரிசாகப் பார்க்கப் பயமாக இருந்தது, அதுதான் நிஜம்.

மறுநாள் அவன் வருவதற்குள் ஜானகிராமன் இருட்டறைக்கு வந்து எல்லா நெகட்டிவையும் பார்த்து முடித்திருந்தார்.

"பொண்ணு கொத்தப் பாத்துச் சிரிச்ச படந்தான் வேணும்னு முசியே சொல்லி அனுப்பியிருக்காரு. சுவத்துல மாட்ட ரெண்டடி உசரத்துல ரெண்டு. பாரீசுக்கு ஒண்ணு, இங்க ஒண்ணு. மூணாவதா ஒண்ணு நம்ம ஷோகேசுக்கு. மேல இருக்கிற ஆள மட்டும் எடுத்துடு."

அல்போன்ஸ் நெகட்டிவை வாங்கக் கை நீட்டவில்லை.

"இன்னா?"

"மொதலாளி, இத வச்சித்தான் பாவாடைக்கி ஏதாவது கெடைக்கும். ஒரு படம் போட்டுக்கிட்டு அப்பறம் எடுத்துடறேன்."

ஜானகிராமன் கெட்டவர் இல்லை. முன் வருஷம் அல்போன்சின் மனைவிக்கு ஆபரேஷன் என்றபோது கேட்காமலே பாதிச் சம்பளத்தை முன்னால் கொடுத்தவர். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பாவந்தான், நான் இல்லேங்கல. ஆனா நீ ரோசன பண்ணு. இந்தப் படத்தத் தூக்கிக்கிட்டு ஆபீசுக்குப் போனா மொதக் கேள்வி இன்னா வரும்? இவன் எதுக்கு அப்பிடித் தொங்கிக்கிட்டு இருந்தான்னு வரும். கொத்த எறக்கிப் புடின்னு யாரு சொன்னது, முசியேவா? அசையாதன்னு யாரு சொன்னது?"

"நாந்தான் சொன்னேன்."

"அங்க எரநூறு பேரு கேட்டாங்க. அவரு வக்கீல் வச்சிப் பேசுவாரு. கடசியில கேசு ஒன் தலையில வந்து நிக்கும். ஒன் தலையிலன்னா என் கடை தலையில. வேலைக்கிக் கூட்டியாந்ததும் நீதான, அல்போன்ஸ்."

அவர் எழுந்து போகவில்லை. அங்கேயே உட்கார்ந்து பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

அல்போன்ஸ் நெகட்டிவைச் சட்டத்தில் மாட்டினான். பிளேடை எடுத்தான். முழங்கையில் ஆரம்பித்தான். சுரண்டச் சுரண்ட நெகட்டிவில் இருந்த கொஞ்சம் கறுப்பும் போய், படத்தில் இருட்டாக விழும்படி ஆகிக்கொண்டு வந்தது. பருவையும் தழும்பையும் எடுத்துப் பழகிய கைக்கு இது ஒரு வேலையே இல்லை. அப்பேர்ப்பட்ட கை அன்றைக்கு இரண்டு தடவை நின்றது. கை போனது, தோள் போனது. பனியன் போனது. முகத்தைக் கடைசியில் எடுத்தான், கண்ணைச் சுருக்கிக்கொண்டு, யாருடைய முகமோ போல. அப்புறம் பென்சிலைச் சீவி, அந்த இடத்தில் இரண்டு இலை வரைந்தான். நூலை மட்டும் தொடவில்லை. நூல் இல்லாவிட்டால் கொத்து அந்தரத்தில் நிற்கும்.

புதன்கிழமை வீராயி வந்தாள். தலைக்கு எண்ணெய் வைத்து, துவைத்த புடவை கட்டியிருந்தாள்.

"அந்தப் படம் சரியா விழலம்மா" என்றான் அல்போன்ஸ், கவுண்டர் பலகையைப் பார்த்தபடி. "வெளிச்சம் பூந்து கெட்டுப் போச்சி."

வீராயி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"செரிண்ணே. நீங்க இன்னா பண்ணுவீங்க. எங்க நேரம்" என்றாள். போகும்போது, "அவரு ஒங்களக் கேட்டாரு. ஒரு வாட்டி வந்துட்டுப் போங்கண்ணே" என்றும் சொன்னாள்.

அதற்கு அவள் நாலு அறை அறைந்திருக்கலாம்.

வியாழக்கிழமை அத்தாட்சி இல்லாமல் மனு தள்ளுபடியானது. அல்போன்ஸ் ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை. வீட்டுக்குப் போகும்போதும் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாகவே போனான்.

இருபது நாள் கழித்து, மத்தியான நேரம். கடை வாசலில் யாரோ ரொம்ப நேரமாக நிற்பது போலிருக்க, அல்போன்ஸ் எட்டிப் பார்த்தான். வீராயி. கையில் தூக்கு வாளி. ஆஸ்பத்திரிக்குச் சோறு எடுத்துக்கொண்டு பஸ்சுக்குப் போகிறவள், ஷோகேசுக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

உள்ளே, இரண்டடி உயரத்தில், முசியேவின் மகள் அண்ணாந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் தலைக்கு மேலே குலுங்கக் குலுங்கத் திராட்சை. பள்ளிக்கூடம் விட்டுப் போன இரண்டு பெண் பிள்ளைகள், "எம்மாம் காய்ச்சிருக்குது பாருடி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

வீராயி கண்ணாடிக்கு ரொம்பக் கிட்டத்தில் போனாள். ஒரு விரலைத் தூக்கி, பெண்ணின் தலைக்கு மேலே, கொத்தின் நூலில் வைத்தாள். பெரிய படத்தில் முடிச்சு எள்ளு அளவுக்குத் தெரிந்தது.

"இது அவரு முடிச்சாச்சே" என்றாள்.

விரல் நூலோடு மேலே போனது. இலைகளில் போய் நின்றது. அங்கே சுற்றிச் சுற்றித் தேடியது. பிறகு அவள் வாசல்படியில் நின்ற அல்போன்சைத் திரும்பிப் பார்த்தாள்.

"கை எங்கண்ணே?"

அல்போன்ஸ் படத்தைப் பார்க்காமல் தெருவைப் பார்த்தான். அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். சத்தம் போடவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் கோரிமேட்டு பஸ் வந்துவிட்டது. வாளியை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டு ஓடிப் போய் ஏறினாள்.

"யாரு கண்ணாடியத் தொட்டது? எண்ணெயா இருக்குது பாரு" என்றார் ஜானகிராமன், உள்ளே இருந்தபடியே. "அல்போன்ஸ், அதத் தொடச்சி வுடு."

அல்போன்ஸ் துணியை நனைத்துப் பிழிந்து எடுத்து வந்தான். நூலில் இருந்து இலை வரைக்கும் அவள் விரல் போன தடம் கண்ணாடியில் அப்படியே இருந்தது. இரண்டு தரம் அழுத்தித் துடைத்தான். சுத்தமாகப் போய்விட்டது.