எத்தனை சுண்டு அரிசி

முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த மறுநாள் காலை ஜெயந்தன் பையைக் கட்டிவிட்டான். தேற்றாத்தீவில் இந்த வளவும் வீடும் அவன் மனைவி கேதீஸ்வரிக்குச் சீதனமாக வந்தவை. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து வாழ்வதுதான் அங்கே வழக்கம். பெண்ணே இறந்துவிட்ட பிறகு மருமகனை யாரும் போ என்பதில்லை, இரு என்பதுமில்லை. பின்னேரம் அண்ணன் ஆட்டோவோடு வருவதாகச் சொல்லியிருந்தான்.

பையோடு முன்விறாந்தைக்கு வந்தால், அங்கே நிலோஜனும் விதுர்ஷாவும் கொப்பியோடு உட்கார்ந்திருந்தார்கள். அவனிடம் ஆங்கிலம் படிக்கிறவர்கள். திங்கட்கிழமை இருவருக்கும் கல்குடாவில் ஹோட்டல் வேலைக்கு நேர்முகம். வகுப்பு இல்லை என்று சொல்லவும் அவனுக்கு அலுப்பாக இருந்தது. பையைக் கீழே வைத்துவிட்டுப் பாடத்தைத் தொடங்கினான்.

"எண்ணக்கூடியதுக்கு மெனி. எண்ண ஏலாததுக்கு மச். தண்ணி, பால், தயிர் எல்லாம் மச்."

"தயிரா?" என்றான் நிலோஜன். "இஞ்ச தயிர எண்ணித்தானே சேர் விக்கிற?"

"எண்ணுற சட்டிய."

"சட்டி இல்லாம ஆர் தயிர் வாங்கின? கையிலயா ஏந்துற?"

"உன்னச் சட்டி கழுவத்தான் எடுப்பாங்க," என்று விதுர்ஷா சிரித்தாள். பையைக் கண்டதும் சிரிப்பு நின்றது. "எங்கயும் போறீங்களா சேர்?"

"நிலோஜன், நீ வெயிட்டர். எனக்குத் தேத்தண்ணி கொண்டு வாறாய். சீனிய எப்படிக் கேப்பாய்?"

நிலோஜன் எழுந்து குனிந்தான். "ஹவ் மச் சுகர், சேர்?"

கேதீஸ்வரி போட்டுத் தருவாள், ஜெயந்தன் குடிப்பான். எத்தனை கரண்டி என்று கேட்டுவைக்கவில்லை.

"சரி, இரு," என்றான்.

உள்வாசலில் மாமி சீதேவிப்பிள்ளை அரிசி அளக்கும் சுண்டுப் பேணியோடு வந்து நின்றாள். மருமகனோடு அவள் நேரே பேசுவதில்லை. இதுவரை எல்லாம் மகள் வழியாகத்தான். இப்போது விதுர்ஷாவைப் பார்த்தாள்.

"புள்ள, எத்தின சுண்டு அரிசி போடுறண்டு கேளு."

கேட்பதற்கு அவசியமே இல்லை. அவன் இரண்டு முழத் தூரத்தில்தான் நின்றான். விதுர்ஷா அவனைப் பார்த்தாள். அவன் பையைப் பார்த்தான். அதைத் தூக்க வேண்டும், அண்ணன் வீட்டில் இறக்க வேண்டும், அவிழ்க்க வேண்டும்.

"ராவைக்கும் சேத்துப் போடச் சொல்லு," என்றான்.

மாமிக்குக் கேட்டிருக்கும். ஆனாலும் அசையாமல் நின்றாள். விதுர்ஷா, "ராவைக்கும் சேத்தாம், மாமி," என்று சொன்ன பிறகுதான் உள்ளே போனாள்.