சக்கரம் சுற்ற ஓர் ஆள்

"நில்லு! நில்லுன்னா நில்லு!"

கத்தியது அண்ணன். தன்னுடைய கால் கட்டைவிரலைப் பார்த்துத்தான் கத்தினார்.

கட்டைவிரல் கேட்கவில்லை. அதிலிருந்து பின்சக்கரத்துக்குக் கட்டியிருந்த நைலான் கயிறு விறைத்தது. கயிறு இழுத்த இழுப்பில் பின்சக்கரம் கொஞ்சம் கூடுதலாக உருண்டது. மேலே மோட்டார் சைக்கிளின் வயிற்றுக்குள் ஏதோ புரண்டது. மறுநொடி அவருடைய இடது கையின் இரண்டு விரல்களை இரும்பு கவ்விக்கொண்டது.

வலி தோள் வழியாக உச்சந்தலைக்கு ஏறி, அங்கிருந்து கெட்ட வார்த்தையாக வெளியே வந்தது.

கையை இழுத்துப் பார்த்தார். வரவில்லை. சக்கரத்தைப் பின்னோக்கிக் கால்வாசிச் சுற்று சுற்றினால் விரல்கள் விடுபடும். ஆனால் வலது கை சக்கரத்துக்கு எட்டவில்லை. ஒரு கால் வண்டிக்கடியில் மடங்கிக் கிடந்தது. கயிறு கட்டிய காலை அசைத்தால் சக்கரம் இன்னும் முன்னோக்கித்தான் போகும். அப்படிப் போனால் விரல்கள் சட்னி.

சுவர்க் கடிகாரத்தில் மணி பத்து இருபது. பதினொன்றுக்குத் தம்பி வந்துவிடுவான்.

அந்த மோட்டார் சைக்கிளுக்குச் சங்கிலி கிடையாது. எஞ்சினின் விசையைப் பின்சக்கரத்துக்குக் கொண்டு போவது ஓர் இரும்புத் தண்டு. ஷாஃப்ட். அதன் முனைக்கொரு ஜாயின்ட், சுழலும் மூட்டு. பின்னால் இருப்பது பரம சாது. குந்தி உட்கார்ந்து, பேசிக்கொண்டே கிரீஸ் அடித்துவிடலாம். முன்னால் இருப்பதுதான் வில்லன். கியர் பெட்டிக்குப் பின்னால், ரப்பர் உறைக்குள் பதுங்கியிருக்கும். கிரீஸ் ஏற்றும் சின்னக் குமிழ் அதன் ஒரு பக்கத்தில் மட்டும். சக்கரத்தை மெல்ல மெல்லச் சுற்றினால் ஜாயின்ட்டும் உள்ளே சுற்றும். ஒரே ஒரு கட்டத்தில் குமிழ் இடுக்கு வழியே எட்டிப் பார்க்கும். சரியாக அங்கே நிறுத்தி, கிரீஸ் பீச்சும் கன்னின் ஊசி மூக்கை அதன்மேல் வைத்து அழுத்த வேண்டும். கொஞ்சம் தவறினால் மறுபடி முதலிலிருந்து.

இரண்டு பேர் செய்யும் வேலை. ஒருவர் மல்லாந்து படுத்துப் பார்க்க, மற்றவர் சக்கரம் சுற்ற. அண்ணனுக்கு மற்றவர் இல்லை. அதனால்தான் கயிறு, கட்டைவிரல், இத்தனை வித்தை.

காலையில் பக்கத்து வெல்டிங்காரர் கேட்கத்தான் கேட்டார். கேட்டில் சாய்ந்துகொண்டு, வண்டியைப் பார்த்துப் பல்லைக் குத்தியபடி, "என்ன அண்ணே, பொண்ணுக்கு அலங்காரம் பலமா இருக்கு? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எத்தனை மணிக்கு?"

"பதினொண்ணு."

"சக்கரத்தை வேணா நான் சுத்தி விடவா? சும்மாதானே நிக்கிறேன்?"

"உன் வேலையைப் பாருப்பா. எனக்குப் பழக்கம்."

"பழக்கம்தான். போன தடவை முதுகு பிடிச்சு நாலு நாள் கோணிக்கிட்டு நடந்தீங்களே, அதுவும் பழக்கம்தான்."

இப்போது அண்ணன் அதே வெல்டிங்காரரைத் தொண்டை கிழியக் கூப்பிட்டார். பதிலுக்கு வந்தது அறுக்கும் இயந்திரத்தின் அலறல். பத்து நாற்பதுக்கு அது நின்றது. அப்பாடா என்று வாயைத் திறப்பதற்குள் ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டது. ஆள் டீ குடிக்கக் கிளம்பிவிட்டார்.

தெருவில் அப்படி ஓர் அமைதி. ஜன்னல் திட்டில் இருந்த போன் ஒருமுறை அடித்து ஓய்ந்தது. யாராக இருக்கும் என்று யோசிக்கக்கூட வேண்டியதில்லை. போன் கம்பெனிக்காரன்தான். வேறு யார் கூப்பிடப் போகிறார்கள்? மனைவி, மகள் வீட்டோடு போய்விட்டாள். மாதப் பிறப்பன்று மட்டும் பேசுவாள். பம்பு மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றக் கொண்டு வருகிறவர்கள், மோட்டாரை இறக்கி வைத்துவிட்டு மறுநாள் வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். வீட்டில் நாற்காலி இரண்டு உண்டு. ஒன்றில் அண்ணன் உட்காருவார், இன்னொன்றில் பழைய பேட்டரிகள் உட்கார்ந்திருந்தன.

பேச்சுத் துணை என்றால் இந்த வண்டிதான். அதுவும் வருஷத்தில் பாதி.

அண்ணனும் தம்பியும் சேர்ந்து வாங்கிய வண்டி அது. ஒன்பது வருஷத்துக்கு முன் பேச்சு நின்றபோது, விற்றுப் பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள் என்றார்கள் சொந்தக்காரர்கள். இருவருமே மாட்டேன் என்றார்கள். கடைசியில் தாய்மாமன் வந்து பஞ்சாயத்துப் பண்ணினார்: ஆளுக்கு ஆறு மாதம். கைமாற்றும் நாளில் கொடுக்கிறவர் வண்டியை கேட்டுக்கு வெளியே நிறுத்தி, சாவியை கேட் ஆணியில் மாட்டிவிட்டு, வீட்டுக்குள் போய்விட வேண்டும். வாங்குகிறவர் எடுத்துக்கொண்டு போக வேண்டும். முகத்தில் விழிக்க வேண்டியதில்லை.

அண்ணன் உள்ளே போய்விடுவார். ஆனால் ஜன்னல் ஓரம் நிற்பார்.

தம்பி வருவான். சாவியைத் தொடுவதற்கு முன், சட்டைப்பையிலிருந்து ஒரு கம்பியை எடுப்பான். காலை நீட்டிக்கொண்டு சிரமப்பட்டுத் தரையில் உட்கார்ந்து, ரப்பர் உறையை நெகிழ்த்தி, கம்பியை முன் ஜாயின்ட்டுக்குள் விடுவான். வெளியே எடுத்து வெயிலில் பிடித்துப் பார்ப்பான். நுனியில் கிரீஸ் இருக்கும். வண்டியை எடுத்துக்கொண்டு போவான். ஒன்பது வருஷமாக ஒவ்வொரு முறையும் அந்தக் கம்பி.

காரணம் இதுதான். தம்பிக்குத் தொழில், உயரமான விளம்பரப் பலகைகளில் எழுத்து வரைவது. ஒருநாள் வண்டியில் பெரிய ரோட்டில் நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது முன் ஜாயின்ட் இறுகிப் பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. வண்டி நின்றது. தம்பி நிற்கவில்லை. முழங்காலில் இரும்புத் தகடு வைத்தார்கள். அதன்பிறகு அவனால் ஏணி ஏற முடியவில்லை. உட்கார்ந்த இடத்தில் வண்டிகளுக்கு நம்பர் எழுதிக்கொண்டிருக்கிறான்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவன் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று.

"முன்னாடி ஜாயின்ட்டுக்கு கிரீஸ் அடிச்சியா?"

"அடிச்சேன்."

"உள்ள பொட்டு ஈரம்கூட இல்லைன்னு மெக்கானிக் சொல்றான்."

"அப்போ மெக்கானிக் சொல்றதையே நம்பு. அண்ணன் பொய்யன்னு ஊரெல்லாம் எழுதி வை. எழுதத்தான் தெரியுமே!"

அதுதான் கடைசிப் பேச்சு.

பத்து ஐம்பது. விரல்கள் மரத்துப்போய், யாருடைய விரல்களோ போலக் கிடந்தன. மணிக்கட்டு வழியாக ரத்தம் மெல்ல முழங்கை வரை வந்துவிட்டது. அண்ணனுக்கு அதுகூடப் பெரிதாகப் படவில்லை. வெளியே வண்டி நிற்கவில்லை. ஆணியில் சாவி மட்டும் தொங்குகிறது. தம்பி வந்து பார்ப்பான். வாக்கு மீறிவிட்டான் பெரியவன் என்று முடிவு கட்டிவிட்டுத் திரும்பிப் போவான். போனால் போனதுதான். அடுத்த ஆறு மாதம் என்று ஒன்று இருக்காது.

பதினொன்று அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது அந்தக் காலடி கேட்டது. ஒரு கால் ஊன்றி, மறு கால் இழுத்து. ஊன்றி, இழுத்து. கேட்டுக்கு வெளியே வந்து நின்றது.

அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டார். 'கூப்பிடுடா கழுதை' என்று மனசுக்குள் கெஞ்சினார். அவன் கூப்பிடவில்லை. அவன் எப்படிக் கூப்பிடுவான்? இவர் தம்பிதானே! தகரக் கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பிடிவாதம் நின்றது. இந்தப் பக்கம் ஒரு பிடிவாதம் மல்லாந்து கிடந்தது.

காலடி திரும்பியது. ஊன்றி, இழுத்து. தூரமாகப் போனது.

"டேய் மொட்டை!"

ஒன்பது வருஷத் துரு அந்தக் குரலில் இருந்தது. பள்ளிக்கூட நாளில் வைத்த பெயர். காலடி நின்றது.

"உள்ள வாடா... கை மாட்டிக்கிச்சு."

கேட் கிறீச்சிட்டது. தம்பி ஷெட் வாசலில் வந்து நின்றான். தலை பாதி நரைத்திருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அது தெரிந்ததே இல்லை. அவன் கண் கயிற்றில் விழுந்தது, கயிற்றோடு கட்டைவிரலுக்குப் போனது, அங்கிருந்து ரத்தத்துக்கு வந்தது.

"என்ன இது, சர்க்கஸா?"

"பின்னாடி சுத்து. கால்வாசி சுத்து. மெதுவா."

"எனக்குத் தெரியும்." தம்பி காலை நீட்டித் தரையில் உட்கார்ந்தான். கட்டைவிரல் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தான். டயரை இரு கையாலும் பிடித்து, கண்ணாடிப் பாத்திரத்தைத் திருப்புவதுபோலத் திருப்பினான். இரும்பு வாயைத் திறந்தது. அண்ணன் கையை உருவிக்கொண்டார். நகங்கள் இரண்டும் கறுத்திருந்தன. எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. மடக்கிப் பார்த்தார், மடங்கின.

தம்பி கைக்குட்டையை எடுத்து நீட்டினான். பெயின்ட் வாசனை அடித்தது.

"ஐம்பத்தாறு வயசுல கால்ல கயிறு கட்டிக்கிட்டு வித்தை காட்டுறே. ஒரு ஆளைக் கூப்பிட்டா கிரீடம் இறங்கிடுமோ?"

"யாரைக் கூப்பிடுறது?"

தம்பி பையிலிருந்து கம்பியை எடுத்து உறைக்குள் விட்டான். வெளியே வந்த நுனி வறண்டு, கறுப்புப் பொடி ஒட்டியிருந்தது. அதை அண்ணன் முகத்துக்கு நேராக நீட்டினான்.

"அடிக்கத்தான்டா கையை விட்டேன். அதுக்குள்ளதான் மாட்டிக்கிச்சு."

"சரி. படு."

"என்னது?"

"படுன்னேன். நான் சுத்துறேன். நல்ல கைதான் ஒண்ணு மிச்சமிருக்கே?"

அண்ணன் படுத்தார். டார்ச்சை நெஞ்சின்மேல் சாய்த்து வைத்துக்கொண்டு கிரீஸ் கன்னை வலது கையில் பிடித்தார். உள்ளே ஜாயின்ட் மெல்லப் புரண்டது.

"ம்... ம்... இன்னும்... நில்லு! கொஞ்சம் பின்னாடி."

"இப்போ?"

"ஒரு நூல் பின்னாடி. நில்லு!"

குமிழ் எட்டிப் பார்த்தது. ஊசி மூக்கு 'டிக்' என்று உட்கார்ந்தது. அந்தச் சத்தம் இருவருக்கும் கேட்டது. அண்ணன் அழுத்தினார். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது அழுத்தில் பழைய கறுப்புக் கிரீஸ் பிதுங்கியது. ஆறாவதில் புதுசு, தேன் நிறத்தில், ஜாயின்ட்டின் நான்கு முனையிலும் எட்டிப் பார்த்தது.

"வந்துடுச்சா?"

"நாலு பக்கமும் வந்துடுச்சு."

தம்பி டயரை விடவில்லை. தெருக்கோடியில் யாரோ ஷட்டரைத் தூக்கினார்கள்.

"அண்ணே."

அந்த வார்த்தையில் அண்ணனுக்கு டார்ச் நெஞ்சிலிருந்து நழுவியது.

"சுத்த ஒரு ஆள் இல்லாம இது முடியுமா?"

"கயிறு கட்டித்தான் முடியும். அதுவும் இன்னைக்கு எங்க முடிஞ்சுது, பார்த்தேல்ல?"

"நான் விழறதுக்கு முந்தின நாள் உனக்கு யாரு சுத்துனா? நான் அன்னைக்கு வெளியூர்ல பலகை எழுதிக்கிட்டு இருந்தேன். மறுநாள் காலைலதான் வந்து வண்டியை எடுத்தேன்."

அண்ணன் வண்டிக்கடியிலேயே கிடந்தார். அங்கிருந்து பார்த்தால் தம்பியின் முகம் தெரியாது. நீட்டி வைத்த, முழுசாக மடங்காத கால் மட்டும்தான் தெரியும். அந்தக் காலைப் பார்த்துத்தான் சொன்னார்.

"யாரும் சுத்தலடா. கயிறுகூடக் கட்டாம தனியாத்தான் படுத்தேன். மூணு தடவை பார்த்தேன், எட்டல. பின்னாடி ஜாயின்ட்டுக்கு மட்டும் அடிச்சேன். முன்னாடிக்கு... விரல்ல கிரீஸை எடுத்து, அடிச்ச மாதிரி தெரியட்டும்னு உறைமேல பூசி விட்டேன்."