சத்தமில்லாத மோட்டார்

என் குரலைக் குறை சொல்ல இதுவரை யாரும் பிறக்கவில்லை. குறையெல்லாம் என் கம்ப்யூட்டரின் மேல்தான். நான் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்பவள். வேலை பார்த்த ஸ்டூடியோவை இழுத்து மூடியதும், வீட்டிலேயே ஒரு சின்ன அறையை எடுத்துக்கொண்டு, சுவர் நெடுக மெத்தைகளைச் சாத்தி, ஜன்னலை அடைத்து, தனிக்கடை போட்டேன். கம்ப்யூட்டரைப் பக்கத்து அறையில் வைக்கலாமே என்று கேட்கும் புத்திசாலிகளுக்கு ஒன்று சொல்கிறேன். எங்கள் வீட்டில் பக்கத்து அறை என்றால் அது சமையலறைதான். காற்று புகாத என் பதிவு அறையில் கம்ப்யூட்டர் கொதித்துப்போய், அதன் விசிறி பேய் பிடித்தாற்போல் சுற்றும்.

பதிப்பகத்துக்கு அனுப்பிய மாதிரிப் பதிவு இரண்டு முறை திரும்பி வந்தது. குரல் அருமை, ஆனால் பின்னால் ஏதோ இரைகிறது என்றார்கள். இன்னும் ஒரே ஒரு முறை கேட்போம், அதுவும் சனிக்கிழமைக்குள் அனுப்பினால்தான் என்றும் சொல்லிவிட்டார்கள். அதுவும் போய்விட்டால் இந்தக் குரலை வைத்துக்கொண்டு வீட்டில் சண்டைதான் போட வேண்டும்.

"வாட்டர் கூலிங் போடுக்கா," என்றான் தம்பி. அவனுக்கு வேலை இன்சூரன்ஸ் ஆபீஸில், உயிர் கம்ப்யூட்டர் விளையாட்டில். குட்டி மோட்டார் ஒன்று தண்ணீரைச் சுற்றவிடுமாம். அது சூட்டைக் கொண்டுபோய் ரேடியேட்டரில் விடுமாம். அங்கே பெரிய விசிறிகள் ஆற அமரச் சுற்றினாலே போதுமாம்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த என் கணவர் தட்டிலிருந்து நிமிர்ந்தார். அவர் பிளம்பர். தண்ணீர் என்று எங்கே பேச்சு வந்தாலும் அது அவர் இலாகா.

"கம்ப்யூட்டருக்குள்ள தண்ணியா? ஒழுகினா?"

"ஒழுகாது மாமா. சீல் பண்ணியே வருது."

"ஒழுகவே ஒழுகாதுன்னு சொன்ன பைப்பாலதான்டா நம்ம வீட்டுல அடுப்பு எரியுது."

மறுநாளே மூவரும் கடைக்குப் போனோம். மேஜை மேல் வரிசையாக வாட்டர் கூலிங் செட்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. கண்ணாடிக் குழாயில் நீலத் தண்ணீர் ஓட, சுற்றிலும் கலர் விளக்கு மின்ன ஒன்று இருந்தது. தம்பி அதன் முன்னால் போய் ஆணி அடித்தாற்போல் நின்றுவிட்டான்.

"இப்ப எல்லாரும் இதைத்தான் மேடம் கேக்கறாங்க," என்றார் கடைக்காரர்.

"நானும் கேக்கத்தான் வந்திருக்கேன். அந்தப் பாட்டைக் கொஞ்சம் நிறுத்துங்க. ஏசியையும்."

"ஏசியையுமா?"

"ஏசியையும்தான்."

கிட்னியைக் கழற்றித் தரச் சொன்னது போல் பார்த்தார். ஆனால் நிறுத்தினார். பையிலிருந்து மைக்கையும் ஹெட்போனையும் எடுத்து மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றின் பக்கத்திலும் போய்க் கண்ணை மூடி நின்றேன். நீலத் தண்ணீரின் மோட்டார் கொசு மாதிரி கீச்சிட்டது. ஒற்றை விசிறி வைத்த சின்ன செட் சும்மா இருந்தவரை சாதுவாக இருந்தது, கம்ப்யூட்டருக்குக் கனமான வேலை கொடுக்கச் சொன்னதும் கத்தித் தீர்த்தது. மூன்றாவது செட், நீள ரேடியேட்டரும் மூன்று விசிறிகளுமாகக் கன்னங்கரேலென்று கிடந்தது. எவ்வளவு வேலை கொடுத்தும் வாயே திறக்கவில்லை.

என் கணவர் சட்டைப்பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். நுனியை அதன் மோட்டார் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டார். சுவருக்குள் எங்கே குழாய் கசிகிறது என்று அவர் கண்டுபிடிப்பது அப்படித்தான்.

"நல்ல மோட்டார். கரகரப்பே இல்ல," என்றார்.

கல்யாணமான நாளாக நாங்கள் இருவரும் ஒரே பொருளை நல்லது என்று சொன்னது அன்றைக்குத்தான்.

"இதுல லைட்டே இல்லக்கா," என்று தம்பி முனகினான்.

"டேய், என் புத்தகத்தைக் கேக்கறவங்க லைட்டையாடா கேப்பாங்க? பேசாம வா."

சனிக்கிழமை காலையில், தம்பி ஆபீஸில் இருந்த நேரத்தில், வாங்கி வந்த அந்தக் கறுப்பு செட்டை என் கணவரே உட்கார்ந்து மாட்டினார். நான் வாசிக்க வேண்டிய பக்கங்களோடு சமையலறையில் இருந்தேன். "முடிஞ்சது, வந்து பாரு," என்று கூப்பிட்டார். விசிறிச் சத்தம் அடியோடு போயிருந்தது. ஹெட்போனை மாட்டினேன். அடியில் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் விடாமல் கேட்டது.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே," என்றார்.

பெட்டியில் கை வைத்துப் பார்த்தேன். தகரம் அதிர்ந்தது. பக்கத்து மூடியைக் கழற்றினேன். உள்ளே மோட்டாரிலிருந்து போகும் ரப்பர் குழாய்கள் இரண்டையும் இரும்புப் பட்டை போட்டு, திருகு முடுக்கி, தகரத்தோடு கட்டியிருந்தார்.

"என்னங்க இது?"

"கிளாம்ப். பைப்பைத் தொங்கவிட்டா ஆடும். நான் எந்த வீட்டுலயாவது பைப்பைத் தொங்கவிட்டிருக்கேனா?"

"ஐயோ, இது வீடு இல்லீங்க, தகர டப்பா! மோட்டார் நடுக்கத்தையெல்லாம் கொண்டுபோய்த் தகரத்துல கட்டிப்போட்டா அது பாடாம என்ன செய்யும்?"

"எனக்கே தொழில் கத்துக்குடு நீ."

ஹெட்போனைக் கழற்றி அவர் காதில் மாட்டினேன். ஸ்க்ரூடிரைவரைப் பிடுங்கி ஒரு பட்டையைத் தளர்த்தினேன். அவர் முகம் மாறியது. மிச்சத்தை அவரே கழற்றினார். குழாயை அறுத்துவிடக் கூடாது என்று பட்டைகளின் ஓரத்தையெல்லாம் அரம் போட்டு மழுக்கி வைத்திருந்தார் மனுஷன். அதைப் பார்த்ததும் கத்தியிருக்க வேண்டாமே என்று இருந்தது.

முனகல் நின்றது.

"நான் இங்கயே இருக்கேன். மறுபடி சத்தம் வந்தா ஆள் வேணும்ல," என்று மூலையில் உட்கார்ந்துகொண்டார். நான் வாசித்தேன். பிரமாதமாக வாசித்தேன், அடக்கத்துக்காக அதை மறைக்க மாட்டேன். கடைசி வார்த்தையைச் சொல்லி, வழக்கம்போலச் சிறிது நேரம் வெறுமனே ஓடவிட்டு நிறுத்தி, சுடச்சுட அனுப்பினேன்.

திங்கட்கிழமை பதிப்பகத்திலிருந்து ஒலி சரிபார்க்கும் அம்மா கூப்பிட்டார்.

"வேலை உங்களுக்குத்தான் மேடம். இரைச்சல் துளிகூட இல்ல. ஆனா நீங்க முடிச்சதும் ஒரு பெரிய மூச்சு கேக்குது. உங்களுது மாதிரி தெரியல. அதை மட்டும் வெட்டிட்டு அனுப்புங்க."

போட்டுக் கேட்டேன். என் கடைசி வார்த்தை முடிந்து, அறை அமைதியாகிறது. அப்புறம் நீளமாக ஒரு மூச்சு. நான் வாசித்த நேரமெல்லாம் மூலையில் அடக்கி அடக்கி விட்டுக்கொண்டிருந்தவர், முடிந்ததென்று நினைத்து மொத்தமாக விட்டிருக்கிறார்.

அவர் குழாய் வேலை பார்க்கும் இடத்துக்கு ஃபோன் போட்டு, வேலை கிடைத்துவிட்டது என்றேன்.

"அப்ப மோட்டார் ஓகேதானே?"

"மோட்டார் ஓகே. இனிமே நான் வாசிக்கும்போது நீங்கதான் வெளியில இருக்கணும்."

"ஏன், நான் என்ன சத்தம் போட்டேன்?" என்று சண்டைக்கு வந்தார்.

ஹெட்போனை ஃபோனின் மேல் கவிழ்த்தேன். அவர் விட்ட அந்த நீள மூச்சை அவருக்கே ஓடவிட்டேன்.