கல்லறை முத்திரை

அடுத்தவர் வீட்டு லெட்டர்பொக்ஸுக்குள் நீங்கள் எப்போதாவது இடுக்கியை விட்டிருக்கிறீர்களா? டொலறஸ் விட்டிருக்கிறாள். லண்டன் தோர்ண்டன் ஹீத்தில், ஹலோவீன் அன்று, தெருவெல்லாம் பிள்ளைகள் பேய் உடுப்போடு திரிந்த பொழுதில்.

அந்தக் கிழமை பள்ளிக்கூடம் லீவு. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளை வரிசையில் விட்டு, கொட்டினதைத் துடைத்து, சண்டை பிரிப்பதுதான் டொலறஸின் வேலை. லீவு வந்தால் அவளால் ஓரிடத்தில் இருக்க முடியாது. துடைத்த மேசையையே திரும்பத் துடைப்பாள். யன்னலுக்குப் போவாள், வருவாள். மன்னாரை விட்டு வந்து இருபது வருசத்துக்கு மேலாகிறது. ஆனாலும் அந்தத் தெருவில் அவளுடைய கதவைத் தட்டுகிற ஆள் ஒரே ஒருத்திதான். எதிர்வீட்டுச் சயந்தினி. ஞாயிற்றுக்கிழமையில் ஏதாவது கறியை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு வந்து, டொலறஸ் வாடகைக்கு இருக்கிற ஒற்றை அறையில் கட்டில் நுனியில் இருந்து, மாமியாரைப் பற்றியும் மகள் மிதுஷாவைப் பற்றியும் கதைத்துவிட்டுப் போவாள். அந்தத் தட்டல் நின்றுவிட்டால் டொலறஸுக்கு ஞாயிறும் மற்ற நாளும் ஒன்றுதான்.

கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல்தான் டொலறஸ் அன்று காலை சேர்ச் மண்டபத்தில் நடந்த கார்ட் செய்யும் வகுப்புக்குப் போனாள். எலேன் என்ற வெள்ளைக்காரி சொல்லிக்கொடுத்தாள். உள்ளங்கைக்குள் அடங்குகிற கார்ட். செம்மஞ்சளும் கறுப்புமாகக் கட்டம் போட்ட தாளைச் சின்னதாக வெட்டி, இரண்டு பக்கமும் ஒட்டுகிற ரேப்பால் ஒட்டி, அதன் மேல் றப்பர் முத்திரையை மையில் தொட்டு அழுத்த வேண்டும். வௌவால், பூசணிக்காய், சிலந்தி வலை. டொலறஸுக்குப் பிடித்தது கல்லறை முத்திரை. நடுவில் வெறுமையாக ஒரு கல், சுற்றிவரப் புல்.

"அந்தக் கல்லில் குடும்பப் பெயரை எழுதுங்கள், பார்த்ததும் சிரிப்பார்கள்" என்று எலேன் சொன்னாள். டொலறஸ் எழுதினாள். மூலை வீட்டுப் போலந்துக்காரருக்கு நோவாக். பக்கத்துக் கானா வீட்டுக்கு மென்சா. எதிர்வீட்டுக்கு என்ன எழுதுவதென்று அவள் யோசிக்கவே இல்லை. சாப்பாட்டு வரிசையில் தினமும் கூப்பிடுகிற பெயர்தானே, மிதுஷா சஞ்சயன். வெள்ளைப் பேனையால் ஆங்கிலத்தில் சஞ்சயன் என்று அழகாக எழுதினாள். தாள் வடிவாகத் தெரியட்டும் என்று ஒன்றையும் உறையில் போடவில்லை. பொழுது சாயத் தொடங்கும்போது தெருவில் இறங்கி, ஒவ்வொரு கதவாகத் தள்ளிவிட்டு வந்தாள்.

திரும்பி வந்து தேத்தண்ணீருக்குத் தண்ணீர் வைத்தபோது போன் அடித்தது. சயந்தினி.

"அக்கா, எங்க நிக்கிறியள்?"

"வீட்டிலதான் பிள்ளை. என்ன, குரல் ஒரு மாதிரிக் கிடக்கு?"

"இவர் வேலையில விழுந்திட்டார் அக்கா. நெஞ்சு நோவாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்திட்டினம்."

டொலறஸ் அடுப்பை நிறுத்தினாள். "மிதுஷா எங்க?"

"ஸ்ட்ரெதத்தில மாமி வீட்டில. இவர் போடுற மருந்து எல்லாத்தையும் கொண்டு வரட்டாம். நான் இப்ப வீட்டை வாறன்."

"நான் எடுத்துக்கொண்டு வரட்டே?"

"திறப்பு என்னட்ட அல்லோ இருக்கு. பொறுங்கோ அக்கா, நேர்ஸ் என்னவோ கேக்கிறா." போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு சயந்தினி யாருக்கோ எழுத்துக் கூட்டிச் சொல்வது கேட்டது. எஸ், ஏ, என், ஜே, ஏ, வை.

டொலறஸ் போனைக் காதோடு அழுத்தினாள். காலையில் வெள்ளைப் பேனையால் எழுதிய அதே எழுத்துகள். சயந்தினி புருசனை 'இவர்' என்பாள். டொலறஸ் அவனைத் 'தம்பி' என்பாள். அந்தப் பெயர் அவனுடையது என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் அவள் அதைக் கேட்டதெல்லாம் சாப்பாட்டு வரிசையில், பிள்ளையின் பெயருக்குப் பின்னால்தான்.

சயந்தினி வருமுன் கார்ட்டை எடுத்துவிட, மீன் பொரிக்கிற இடுக்கியோடு றோட்டைக் கடந்தாள்.

லெட்டர்பொக்ஸின் உள்பக்கத்தில் குளிர் வராமல் தூரிகை மாதிரித் தும்பு வைத்திருந்தார்கள். அதை விலத்திப் போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தாள். கால்மிதியில், பீட்சாக் கடைத் தாளுக்குப் பக்கத்தில், முகம் மேலே பார்க்கக் கார்ட் கிடந்தது. இடுக்கி எட்டவில்லை. அறைக்கு ஓடிப்போய்க் கம்பி ஹாங்கர் ஒன்றை நீட்டி நிமிர்த்தி, அதன் நுனியில் அந்த இரண்டு பக்கமும் ஒட்டுகிற ரேப்பைச் சுற்றிக்கொண்டு வந்தாள். முழங்காலில் இருந்தாள். கம்பி கார்ட்டில் தொட்டது. ஒட்டியது. மெதுவாகத் தூக்கினாள்.

"வீடு உடைக்கிறாயா?" என்று பின்னால் ஒரு எலும்புக்கூடு ஆங்கிலத்தில் கேட்டது. அதன் கையில் இனிப்பு வாளி.

டொலறஸ் திரும்பிப் பார்த்தாள். கார்ட் விழுந்தது. ரேப் முழுவதும் கம்பியிலிருந்து உருவி அதோடு போய்விட்டது. எலும்புக்கூடும் அதன் தங்கைச் சூனியக்காரியும் இனிப்புக்காகக் காத்து நின்றார்கள். சட்டைப் பையைத் தடவி இருமல் இனிப்பு இரண்டைக் கொடுத்தாள். அதை மணந்து பார்த்துக்கொண்டே போனார்கள்.

"டொலறஸ், இந்தத் தொழில் எப்ப துவங்கினனீ?"

பீற்றர். அதே தெருவில் இருக்கிறவர், மன்னார்க்காரர், பஸ் ஓட்டி ஓய்ந்தவர். கையில் பால் போத்தல்.

"பகிடி விடாதேங்கோ பீற்றர் அண்ணை" என்று சொல்லி, கீழே இருந்தபடியே விசயத்தைச் சொன்னாள்.

பீற்றர் குனிந்து லெட்டர்பொக்ஸுக்குள் பார்த்தார். "நாளையிண்டைக்கு ஆத்துமாக்கள் திருநாள், அண்டைக்குத்தான் கல்லறை மந்திரிக்கிறது. நீ இண்டைக்கே ஒருத்தருக்குக் கட்டிப்போட்டாய்."

"அண்ணை."

"சரி, சரி. வந்தவுடன சொல்லிப்போடு. அவள் படிச்ச பிள்ளை, விளங்கிக்கொள்ளுவாள்."

"எப்பிடிச் சொல்லுறது? வாசலில வைச்சு, புருசன் ஆஸ்பத்திரியில கிடக்கேக்க?"

"அப்ப அவள் லைற் போடமுதல் நீ உள்ள பூந்து பொறுக்கு."

அதற்குள் வாடகைக் கார், மினிகாப் ஒன்று வந்து நின்றது. சயந்தினி இறங்கினாள். தலை கலைந்து கிடந்தது, வேலைக்குப் போட்ட உடுப்போடேயே நின்றாள். இவர்கள் ஏன் தன் வாசலில் நிற்கிறார்கள் என்று அவள் கேட்கவில்லை. தனக்காகத்தான் நிற்கிறார்கள் என்று நினைத்திருப்பாள். டொலறஸின் கையைப் பிடித்துக் கொஞ்சம் அழுதாள்.

"நரம்புக்குள்ள வயர் என்னவோ விட்டுப் பாக்கினமாம் அக்கா. கையெழுத்து வாங்கினவை."

"ஒண்டும் வராது பிள்ளை. நீ கதவைத் திற, நான் உள்ள வந்து மருந்தெடுக்க உதவி செய்யிறன். நான் முதல்ல போறன்."

கதவு திறந்தது. டொலறஸ் குனிந்தாள். ஆனால் சயந்தினியின் சப்பாத்துக்கால் முந்திக்கொண்டது. கார்ட்டின் மேல் மிதித்தது. அடுத்த அடிக்குக் காலைத் தூக்கியபோது ரேப்போடு சேர்ந்து கார்ட்டும் சப்பாத்தில் ஒட்டிக்கொண்டு போனது. அப்படியே படியேறினாள். ஒவ்வொரு படியிலும் செம்மஞ்சள் கட்டம் தெரிந்து தெரிந்து மறைந்தது.

"சயந்தி, சப்பாத்தைக் கழட்டு பிள்ளை" என்றாள் டொலறஸ் கீழே நின்று.

"நேரமில்லை அக்கா."

மேலே மருந்து தேடி அலுமாரி லாச்சிகள் திறபட்டன. டொலறஸ் படியில் இரண்டு ஏறினாள், திரும்ப இறங்கினாள். சயந்தினி மருந்துப் பையோடு வந்தவள், பாதிப் படியில் காலில் ஏதோ சறுக்க, அங்கேயே இருந்து அதை உரித்தாள்.

"இது என்ன?"

"கார்ட் பிள்ளை. நான் செய்தது. ஹலோவீனுக்கு."

சயந்தினி திருப்பிப் பார்த்தாள். வாசித்தாள். ஒரு முறை வாசிக்க அவ்வளவு நேரம் போகாது.

"இவற்ற பேர்."

"மிதுஷாவின்ர பேருக்குப் பின்னால வாறதெண்டு நினைச்சிட்டன். வகுப்பு எடுத்தவா வீட்டுப் பேரைக் கல்லில எழுதச் சொன்னவா. வெள்ளைக்காரருக்கு அது பகிடியாம்."

"எங்களுக்கு எங்க அக்கா வீட்டுப் பேர்?"

டொலறஸ் படியின் கைப்பிடியைப் பிடித்தாள்.

"எப்ப போட்டனீங்கள்?"

"பின்னேரம். இருட்ட முதல்."

"இவர் விழுந்ததும் இருட்ட முதல்தான்."

அதை அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் டொலறஸ் ஏதாவது பதில் சொல்லியிருப்பாள். சயந்தினி கார்ட்டை மடிக்காமல், கசக்காமல், நுனியில் பிடித்து அவளிடம் நீட்டினாள். "இதை வீட்டில வைச்சிருக்கேலாது, கொண்டு போங்கோ."

மினிகாப் போன பிறகு பீற்றர் தொண்டையைச் செருமினார். "இப்ப அவளுக்கு மூளை வேலை செய்யாது. நாளைக்கு எல்லாம் சரியாகும்."

"எனக்கு அவள் ஒருத்திதான் அண்ணை வாறவள்."

பீற்றர் பால் போத்தலைக் கை மாற்றிப் பிடித்தார்.

அறைக்கு வந்தும் டொலறஸால் இருக்க முடியவில்லை. கார்ட்டைக் கிழிக்கலாம் என்று பிடித்தாள். ஆஸ்பத்திரியில் கிடக்கிறவனுடைய பெயரை எப்படிக் கிழிப்பது? எரிப்பது அதைவிட மோசம். குப்பை வாளியைத் திறந்து பார்த்து மூடினாள். கடைசியில் மிஞ்சிய தாளில் ஒரு துண்டு வெட்டிக் கல்லின் மேல் ஒட்டினாள். மெல்லிய தாள், வெள்ளை எழுத்து ஊடாகத் தெரிந்தது. இன்னொன்று ஒட்டினாள். பிறகும் ஒன்று. கார்ட் பிஸ்கட் போலத் தடித்தது. பெல் அடித்த பிள்ளைகளுக்குக் கதவு திறக்கவில்லை. யன்னலுக்குப் போனாள், வந்தாள். எதிர்வீட்டில் மறந்து விட்ட மாடி லைற் எரிந்துகொண்டிருந்தது. போனை எடுத்துச் சயந்தினியின் பெயரில் விரலை வைத்தாள், எடுத்தாள், திரும்ப வைத்தாள்.

மறுநாள் காலையில் பீற்றர் வந்து தகவல் சொன்னார். சஞ்சயனுக்கு இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள், எழும்பி இருந்து தேத்தண்ணீர் குடித்தானாம். சயந்தினி பீற்றரின் மனைவிக்குப் போன் எடுத்துச் சொல்லியிருந்தாள். டொலறஸுக்கு எடுக்கவில்லை.