சேர்வர் கூட்டிய அரை மணித்தியாலம்

மூதூர்ச் சனம் உடுத்த உடுப்போடு ஓடிவந்த வருடம் அது. துறைமுகத்துக்குள்ளும் பீரங்கிச் செல் விழுந்து, கொம்பனியின் பழைய கட்டடத்துக் கண்ணாடி எல்லாம் உதிர்ந்த பிறகுதான் கொழும்பில் இருந்த பெரியவர்களுக்கு ஒரு விசயம் விளங்கியது. லைன் பார்க்கும் மெசினை, கப்பல் அணையும் ஜெற்றிக்குப் பக்கத்தில் வைத்திருக்கக் கூடாது. அதே கட்டடத்தில் மனிதர்களும் வேலை செய்கிறார்கள் என்பது அவர்களுக்கு அதற்குப் பிறகும் விளங்கவில்லை.

அந்த மெசினில் பேணாட்டுக்கு எப்போதும் ஒரு கோபம் இருந்தது. ஆலைகளுக்கும் வங்கிகளுக்கும் கப்பல் கந்தோர்களுக்கும் கேபிள் இழுத்துக் கொடுப்பதுதான் கொம்பனியின் தொழில். குச்சவெளி தொடக்கம் கப்பல்துறை வரைக்கும் எந்த லைன் விழுந்தாலும் மெசினின் திரையில் ஒரு புள்ளி சிவக்கும். எத்தனை மணிக்கு விழுந்தது, எத்தனை மணிக்கு எழும்பியது என்று மெசின் தானே எழுதி வைத்துக்கொள்ளும். புள்ளி சிவந்தால், திரைக்கு முன்னால் இருக்கும் இன்பமலர் போன் எடுப்பாள். அவள் போன் எடுத்தால் பேணாட்டும் யோகலிங்கமும் கிடங்கு கிண்டும் அலவாங்கையும் சவளையும் வானுக்குள் எறிந்துகொண்டு வெளிக்கிட வேண்டும். எந்தக் காவல் சென்றியில் எவன் என்ன குணத்தோடு நிற்கிறான் என்பதெல்லாம் மெசினுக்குத் தெரியாது.

"உது என்ர மாமி மாதிரி," என்பான் யோகலிங்கம். "இருந்த இடத்தில இருந்து எல்லாத்தையும் பாக்கும். ஒரு துரும்பையும் தூக்காது."

வானை ஓட்டுவது யோகலிங்கம். கிடங்கு கிண்டுவது பேணாட். கேபிளைப் பொருத்துவது இரண்டு பேரும். பன்னிரண்டு வருடமாக அப்படித்தான்.

கொழும்பில் இருந்து எஞ்சினியர் ஞானசேகரம் புதிய சேர்வரோடு வந்து இறங்கினார். நகரத்துக்குள் எடுத்த புதிய கட்டடத்தில், குளிரூட்டிய அறைக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு, பழைய மெசினில் கிடந்த வருடக்கணக்கான பதிவுகளை லைன் வழியாகப் புதியதற்கு மாற்றினார். ஒன்றும் குறையாமல் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டது என்று அறிக்கை எழுதிக் கையெழுத்தும் போட்டார். அடுத்த நாளே கொழும்புக்கு விமானம் ஏறிவிட்டார்.

மிச்சம் பழைய பெட்டி. அதன் ஹார்ட் டிஸ்க் துறைமுக வாசலைத் தாண்டக் கூடாது, நேவி அதிகாரி ஒருவரின் கண்முன்னால் உடைக்கப்பட வேண்டும் என்று பாதுகாப்புக் கட்டளை. உடைக்கும் வேலைக்கு ஆள் தேடத் தேவையில்லை. யோகலிங்கம் அந்த இரும்புத் துண்டைக் கல்லின் மேல் வைத்துச் செருப்புக் காலால் மிதித்துப் பிடித்தான். நேவிக்காரர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாங்கள் கிண்டின கிடங்கு முழுக்க இதுக்குள்ளதான் கிடக்குது, தெரியுமே?" என்றான் யோகலிங்கம்.

"அப்ப காலை எடு. மூடிவிடுவம்."

பேணாட் அலவாங்கை ஓங்கிப் போட்டான். நேவிக்காரருக்கே சிரிப்பு வந்தது. இத்தனை வருடத்து ஆத்திரம் தீர, அது தூள்தூளாகும் வரைக்கும் போட்டான்.

ஒரு மாதம் கழியவில்லை, யோகலிங்கத்தை வீட்டில் வைத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

அந்த வருடம் மாசியில், கண்டி வீதியில் கப்பல்துறைக்குக் கிட்ட நேவி வண்டி ஒன்று கண்ணிவெடியில் அகப்பட்டிருந்தது. அதற்கு முதல்நாள் பின்னேரம் அதே வீதிக்கரையில் கொம்பனியின் லைன் விழுந்து, இவர்கள் இரண்டு பேரும்தான் போய்க் கிண்டித் திருத்திவிட்டு வந்தார்கள். சண்டை திரும்பத் தொடங்கியதும் பழைய பைல்கள் எல்லாம் தூசு தட்டப்பட்டன. வீதிக்கரையைக் கிண்டியது யார் என்று நேவிக்காரர் கொம்பனியைக் கேட்டார்கள். மனேஜர் கனகரத்தினம் புதிய சேர்வரில் இருந்து பிரின்ற் எடுத்து, கையெழுத்தும் முத்திரையும் வைத்துக் கொடுத்தார்.

லைன் விழுந்தது ஐந்து மணிக்கு என்று அந்தக் கடுதாசி சொன்னது. சென்றிப் புத்தகமோ, கொம்பனி வான் நாலே முக்காலுக்கே சென்றியைத் தாண்டிவிட்டது என்று சொன்னது.

சென்றியில் வான் ஓட்டுகிறவனின் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும்தான் எழுதுவார்கள். பின்னால் சவளோடு இருப்பவன் 'உதவியாள் ஒன்று'. ஆகவே புத்தகத்தில் இருந்தது யோகலிங்கம் மட்டும்.

அவன் மனைவி இராசமலர், நேவி முகாமில் அவனைப் பார்த்துவிட்டு நேரே பேணாட் வீட்டுக்கு வந்தாள். கதிரையில் இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை.

"ஒரே கேள்விதானாம் அண்ணை. லைன் அஞ்சுக்குத்தானே அறுந்தது, அதுக்கு முதலே நீ ஏன் வெளிக்கிட்டனி எண்டு. அறுந்த பிறகுதான் போனனான் எண்டு அவர் சொல்லச் சொல்ல அடிக்கிறாங்கள். காது ரெண்டும் வீங்கிக் கிடக்கு."

"அறுந்த பிறகுதான் தங்கச்சி போனது. நானும்..."

குசினி வாசலில் நின்ற பேணாட்டின் மனைவி றோஸ் செருமினாள். பேணாட் வசனத்தை முடிக்கவில்லை.

தன்னைத் தேடி ஏன் இன்னும் ஒருவரும் வரவில்லை என்பதை அவன் யோசிக்காமல் இல்லை. புத்தகத்தில் பேர் இல்லை, அதுதான் காரணம் என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டான். அதற்கு மேல் யோசிக்கப் பயமாக இருந்தது.

விடிந்ததும் முதல் வேலையாக இன்பமலரிடம் போய்ச் சொன்னான். அவள் திரையில் மாசி மாதத்தைத் தேடி எடுத்தாள். பார்த்தவளின் விரல்கள் விசைப்பலகையிலேயே நின்றுவிட்டன.

"நாலரைக்கு நான்தான் உங்களுக்குப் போன் எடுத்தனான் அண்ணை. ஆலைக்காரர் அண்டைக்கு ஏசின ஏச்சு இப்பவும் காதுக்குள்ள கிடக்கு."

"அப்ப ஏன் பிள்ளை உது அஞ்செண்டு சொல்லுது?"

பத்து வருடமாக இந்த நாட்டில் இரண்டு நேரம் ஓடியது. அரசாங்கம் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி வைத்தது. குடாவுக்கு அந்தப் பக்கம், கட்டைபறிச்சான் சென்றியைத் தாண்டினால் அரசாங்கத்தோடு சண்டை பிடிக்கும் இயக்கத்தின் இடம். அங்கே பழைய நேரம். நகரத்துக்குள்ளும் கல்யாண வீட்டுக்காரர் முகூர்த்தத்தைப் பழைய நேரத்திலும் சாப்பாட்டைப் புதிய நேரத்திலும் சொல்லிச் சனத்தைக் குழப்பியடித்தார்கள். கடைசியில் அந்த வருடம் சித்திரையோடு அரசாங்கமே பழைய நேரத்துக்குத் திரும்பியது. மாசியில் நாடு இன்னும் புதிய நேரத்தில்தான் இருந்தது.

"பழைய மெசினின்ர மணிக்கூட்டுக்கு நாங்களே கையால அரை மணித்தியாலம் கூட்டி வச்சிருந்தம்," என்றாள் இன்பமலர். "புது சேர்வருக்கு அது தெரியாது. பதிவுகளை மாத்தேக்க தானும் ஒருக்காக் கூட்டிப்போட்டுது. சித்திரைக்கு முந்தின பதிவெல்லாம் அரை மணித்தியாலம் பிந்திப் போச்சு."

"எல்லாமோ?"

"எல்லாம். ஒருத்தருக்கும் ஒரு சேதமும் இல்லை அண்ணை. யோகலிங்கண்ணைக்கு மட்டும்தான்."

பழைய மெசினில் சரியான நேரம் இருந்திருக்கும். பேணாட் தன் உள்ளங்கையைப் பார்த்தான். அலவாங்கு பிடித்த காய்ப்பு அப்படியே இருந்தது.

இரண்டு பேரும் மனேஜரிடம் போனார்கள். கனகரத்தினம் கெட்ட மனிதர் இல்லை. கெட்ட மனிதராய் இருந்திருந்தால் ஏசிவிட்டாவது வந்திருக்கலாம். அவர் முழுவதையும் கேட்டார், தலையில் கை வைத்தார், யோகலிங்கத்தின் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார். பிறகு கொழும்புக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி மேசையில் வைத்தார்.

விசயத்தைக் கேட்ட ஞானசேகரத்தின் குரல் இறங்கியது.

"பிழை என்னிலதான் சேர். நான் அந்தக் கையால கூட்டின விசயத்தைக் கேட்டிருக்கவேணும். இண்டைக்கே இஞ்ச இருந்து திருத்திவிடுறன். ஆனா பிழையெண்டு கடிதம் எழுதித்தர ஏலாது. நான் லொட்ஜில இருக்கிற தமிழன். போன கிழமையும் பொலிஸ் சுத்திவளைச்சு எங்களை ஏத்திக்கொண்டு போனவங்கள். கண்ணிவெடிப் பைலுக்குள்ள என்ர பேரைப் போடாதேங்கோ."

"அவர் சொல்லுறதும் சரிதானே," என்றார் கனகரத்தினம் போனை வைத்துவிட்டு.

"அப்ப நீங்கள் ஒரு துண்டு எழுதித் தாங்கோ சேர்," என்றான் பேணாட். "நேரம் மாறிப்போச்செண்டு. ரெண்டு வரி."

"முதல் குடுத்ததில நான் கையெழுத்து வச்சிட்டன் பேணாட். இப்ப அது பிழை எண்டு நானே எழுதினா, ஏன் பிழையாக் குடுத்தனி எண்டு என்னையெல்லோ கேப்பாங்கள். சேர்வரில திருத்தினாக் காணும். உண்மை அதுக்குள்ள இருக்கும்."

உண்மை அதற்குள் போய் இருந்துகொண்டது. பின்னேரம் இன்பமலர் திரும்பப் பார்த்தபோது லைன் நாலரைக்கு விழுந்திருந்தது. மனேஜரிடம் கேளாமல் ஒரு பிரின்ற் எடுத்து, மடித்து, பேணாட்டின் சட்டைப் பைக்குள் வைத்தாள். கையெழுத்தும் இல்லை, முத்திரையும் இல்லை. பேணாட் அதை இராசமலரிடம் கொடுத்தான். அவள் அதைக் கும்பிட்டு வாங்கிக்கொண்டு முகாமுக்கு ஓடினாள்.

அதிகாரி இரண்டு கடுதாசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரே கொம்பனி, ஒரே லைன், இரண்டு நேரம். போன் எடுத்தார்.

அந்த நேரம் பேணாட், கனகரத்தினத்தின் மேசைக்குக் கீழே வயர் பூட்டிக்கொண்டிருந்தான். மனேஜருக்கு அது நினைவில் இல்லையோ, இருந்தும் வேறு வழி இல்லையோ தெரியாது. சிங்களத்தில் பேசினார். பேணாட்டுக்குச் சிங்களம் காதால் விளங்கும்.

"ஓம் சேர், முதல் தந்ததுதான் நாங்கள் கையெழுத்து வச்சது. மற்றது கந்தோரால குடுத்ததில்லை. ஆர் எடுத்ததெண்டு விசாரிக்கிறன் சேர்."

பேணாட் மேசைக்குக் கீழேயே இருந்தான். மனேஜரின் சப்பாத்து ஒன்றின் மேல் ஒன்று ஏறி நடுங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் இன்பமலரின் கதிரையில் வேறு ஒரு பிள்ளை இருந்தாள். யோகலிங்கத்தைத் தெற்குப் பக்கம் ஒரு தடுப்பு முகாமுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று இராசமலருக்குச் செய்தி வந்தது. பதிவைத் திருத்தப் பார்த்திருக்கிறார்கள், ஆகவே இது பெரிய விசயம் என்று சொன்னார்களாம். அங்கே போனால் வருடக்கணக்காகும். சிலவேளை ஆள் திரும்பி வரவே மாட்டான்.

பேணாட் கோயிலுக்குப் போடும் சட்டையை எடுத்தான். றோஸ் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எங்க?"

"முகாமுக்கு. அண்டைக்குப் போன உதவியாள் நான்தான் எண்டு சொல்லப்போறன். போன் வந்தது, பிறகுதான் போனது, எண்டு கண்ட சாட்சி வேற ஆர் இருக்கு?"

"இஞ்சேருங்கோ. இப்ப அழுறது ஒரு வீடு. நீங்கள் போனா ரெண்டு வீடு."

அவன் பொத்தானைப் பூட்டினான். றோஸ் அவனுடைய அடையாள அட்டையை எடுத்து வந்து கையில் வைத்தாள்.

இராசமலரை முகாம் வாசலுக்கு எதிரே வேப்பமரத்தடியில் இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனான். அதிகாரி வயதில் இளையவர். மின்விசிறிக் காற்றில் பறக்காமல் கடுதாசிகளின் மேல் தேநீர்க் கோப்பையை வைத்திருந்தார். பேணாட் தனக்குத் தெரிந்த சிங்களத்தில், வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததைச் சொன்னான். நாலரைக்குப் போன் வந்தது. நானும் அவனும்தான் போனோம். நான்தான் கிண்டினேன். கேபிளைத் தவிர அந்தக் கிடங்குக்குள் வேறொன்றும் வைக்கவில்லை.

அதிகாரி புத்தகத்தைப் பிரட்டினார்.

"இங்கே உன் பெயர் இல்லையே."

"உதவியாள் ஒன்று எண்டு இருக்கு சேர். அது நான்."

"அந்த உதவியாள் யார் என்று உன் சிநேகிதனைப் பல தடவை கேட்டோம். நன்றாகவே கேட்டோம்." அதிகாரி கோப்பையைத் தூக்கி ஒரு வாய் குடித்தார். "வீதியில் நின்ற கூலிக்காரன் ஒருவனை ஏற்றிக்கொண்டு போனானாம். பெயர் தெரியாதாம். ஊரும் தெரியாதாம். இன்றைக்குக் காலையிலும் அதைத்தான் சொன்னான்."

இத்தனை நாளும் பேணாட்டை வீட்டில் படுக்க விட்டது புத்தகம் இல்லை, யோகலிங்கம்.

"இப்போது நீ வந்து நான்தான் என்கிறாய். அப்படியென்றால் உன்னை ஏன் மறைத்தான்? மறைக்கிறவன் வேறு எதையும் மறைப்பான்தானே. சொல்லு. அவன் பொய் சொல்கிறானா, நீ பொய் சொல்கிறாயா?"

மின்விசிறி ஒரு பக்கம் போய்த் திரும்பி வந்தது. அவன்தான் பொய் சொல்கிறான் என்று சொன்னால், யோகலிங்கம் பொய்யன் என்று கையால் எழுதிக் கொடுத்த மாதிரி. கூட்டாளியை மறைத்தவன் என்று அவனுக்கு இன்னும் அடி விழும். நான்தான் பொய் சொல்கிறேன் என்றால், நாலரைக்கு வந்த போனும் பொய். இரண்டு பக்கமும் யோகலிங்கம்தான் அகப்படுகிறான். ஒரு பக்கத்தில் மட்டும் பேணாட் வீட்டுக்குப் போகலாம்.

அதை யோசித்துத்தான் சொன்னானா, பயத்தில் வந்ததா என்பது அவனுக்கே தெரியாது.

"எனக்கு நாள் மாறிப்போச்சு சேர். அது வேற ஒரு நாள்."

அதிகாரி அவனை மேலும் கீழும் பார்த்தார். சட்டையைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"வயது போய்விட்டது உனக்கு. சிநேகிதனுக்கு உதவ வந்தாய், பரவாயில்லை. போ. இனி இந்தப் பக்கம் வராதே. வெள்ளிக்கிழமை அவனைத் தெற்குக்கு அனுப்பிவிடுவோம்."

அடையாள அட்டையை மேசையில் தள்ளிவிட்டார். பேணாட் எடுத்துக்கொண்டு நடந்தான். ஒரு சென்றி, இன்னொரு சென்றி, மணல் மூட்டை, முள்ளுக்கம்பி. ஒருவரும் பின்னால் கூப்பிடவில்லை. வாசலைத் தாண்டியதும் நெஞ்சுக்குள் அடைத்துக் கிடந்த காற்று ஒரேயடியாக வெளியே வந்தது. கால் இரண்டும் இலேசாகின. என்னை விட்டுவிட்டார்கள் என்று உடம்பு முழுக்கச் சொன்னது. அந்த ஆறுதலை முகத்தில் இருந்து துடைக்க அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை.

வேப்பமரத்தடியில் இருந்து இராசமலர் எழும்பி வந்தாள். கேட்கத்தான் வாயைத் திறந்தாள். அவனுடைய முகத்தைப் பார்த்ததும் கேளாமல் விட்டாள். இத்தனை நாளைக்குப் பிறகு அவள் முகமும் மலர்ந்தது. இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு, அவனுக்குப் பின்னால் வாசலை எட்டிப் பார்த்தாள்.