சிக்காகோவுக்கு ஒத்திகை

ஆகவே, மனிதனாகப் பிறந்தவன் எதற்கும் ஒத்திகை பார்க்க வேண்டியதில்லை என்பதே ஹபீபின் தீர்மானமான கொள்கை, பிறப்பதற்கு யாரும் ஒத்திகை பார்ப்பதில்லை, மௌத்தாவதற்கும் பார்ப்பதில்லை, இந்த இரண்டு பெரிய காரியங்களே ஒத்திகையில்லாமல் ஒழுங்காக நடந்து முடியும்போது நடுவில் சிக்காகோ என்ற ஓர் ஊருக்குப் போய்வருவதற்கு இவ்வளவு அமளி எதற்கு... பகல் சாப்பாடு முடிந்து கட்டிலில் சாய்ந்திருந்தான், காலடியில் புதுத் தகரப் பெட்டி வாயைத் திறந்துகொண்டு கிடந்தது, அதன் பக்கத்தில் அவன் பெண்டாட்டி சைரா உட்கார்ந்து அவன் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். பிற்பகல் அஸர் தொழுதுவிட்டு அப்பாஜான் வீடு திரும்பியதும் ஒரே கேள்வி கேட்பார், போகிறாயா இல்லையா, போகிறேன் என்றால் இன்றைக்கே பட்டணத்துக் கப்பல் ஏஜெண்டுக்குத் தந்தி, இல்லை என்றால் வாணியம்பாடியிலிருந்து வேறு வீட்டுப் பையன் போவான். நம் தோலை வாங்குகிற அமெரிக்கக்காரனை யாராவது நேரில் பார்த்து வந்தால் தேவலை என்று தோல் வியாபாரிகள் கூட்டத்தில் பேச்சு வந்தபோது முதலில் கை தூக்கியவன் இவன்தான், வேலூர்க் காலேஜில் படித்த இங்கிலீஷ் அந்தக் கையை அவனைக் கேட்காமலே தூக்கிவிட்டது, தூக்கின கையைக் கூட்டத்துக்கு நடுவில் எப்படி இறக்குவது என்று எந்தக் காலேஜிலும் சொல்லித் தரவில்லை.

சிக்காகோ ஏரிக்கரையில் இருக்கிறதாம், கடல் மாதிரி ஏரியாம், குளிர்காலத்தில் தண்ணீர் கல்லாக இறுகி அதன்மேல் ஜனங்கள் செருப்புப் போட்டுக்கொண்டு நடப்பார்களாம், காலேஜில் பாதிரி வாத்தியார் இதைச் சொன்னபோது வகுப்பே வாயைப் பிளந்தது, ஹபீப் பிளக்கவில்லை, பாலாற்றின்மேல் மாட்டுவண்டியே ஓட்டுகிறவர்களுக்கு ஏரியின்மேல் நடப்பது ஒரு சாதனையா. ஆனால் வீட்டில் யார் கேட்கிறார்கள், அவனைப் பெற்ற அம்மி பட்டணத்திலிருந்து ரயிலில் ஐஸ் கட்டி வரவழைத்தாள், மரத்தூளில் புதைத்துச் சாக்கில் சுற்றி யானைக்குட்டி அளவில் புறப்பட்டதாகச் சொல்லப்பட்ட அது ஆம்பூர் ஸ்டேஷனில் இறங்கும்போது சோப்புக்கட்டி அளவில் இருந்தது, அதன்மேல் அவனைக் கால் வைத்து நிற்கச் சொல்லி, பழகிக்கோ கண்ணு பழகிக்கோ என்று பக்கத்தில் நின்று ஓதினாள், அது கரைகிறவரை நின்றான், அமெரிக்கா இவ்வளவுதானா என்று அப்போது தோன்றியது வாஸ்தவம்... அப்புறம் அந்த ஆட்டுத்தோல் கோட்டு. குளிர்தேசத்துக்கு உரோமத்தோடு பதனிட்ட தோலில் ஒரு கோட்டு என்று அப்பாஜான் தம் தோல் ஷெட் மேஸ்திரி ஆதிகேசவனைக் கூப்பிட்டு, முடி ஒண்ணுகூடப் போகக்கூடாது என்று மூன்று தரம் சொல்லி அனுப்பினார், ஆம்பூரில் பிறந்த நாள்முதல் ஆதிகேசவன் செய்துவந்தது ஒரே காரியம், தோலைச் சுண்ணாம்புக் குழியில் போடுவது, உரோமத்தை வழித்து எறிவது. மூன்றாம் நாள் வழுக்கையாய் ஒரு தோலைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றான். "இன்னா மேஸ்திரி இது." "அதான் சின்ன சாயபு எனக்கும் தெரியல. முடி போகக்கூடாது, முடி போகக்கூடாதுன்னு சொல்லிகினேதான் குழில எறக்கினேன். கை பழகிப்போச்சு, என்னை ஒரு வார்த்த கேக்கல." ஹபீப் சிரித்த சிரிப்பில் தெருவில் போன ஜட்கா நின்றது.

அதெல்லாம் போகட்டும், ஐஸும் கோட்டும் சிரித்துவிட்டு மறக்கிற சங்கதி, சைரா செய்கிறது அப்படியா... வெள்ளிக்கிழமை பிரியாணி, தட்டை நீட்டிக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருக்கிறான், அவள் அவன் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டு மாமியாரிடம் சொல்கிறாள், "மாமி, அவுங்க இருந்தா இந்தக் கத்தரிக்காயை இன்னொருதரம் கேட்டு வாங்கிருப்பாங்க." நான் இங்கதான் இருக்கேன் என்றான். அம்மி அவனைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள், எந்தப் பக்கம் சேருவது என்று ஒரு கணம் யோசித்தாள், பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆமாம்மா, அந்த ஊர்ல இன்னா துன்றானோ" என்றாள். கத்தரிக்காயை அவனே எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. கை கழுவும்போது, இன்னா கூத்து இது என்று கேட்டதற்கு, பழகிக்கிறேன் என்றாள். எதை. நீங்க இல்லாததை. "போறதுக்கு முந்தியேவா?" "போனப்புறம் ஒரேயடியா பழகினா ஜாஸ்தி நோவும். இப்பவே கொஞ்சம் கொஞ்சமா பழகினா கம்மியா நோவும்." இதை அவன் ஷெட்டில் தன் தோஸ்த் நிசார் அஹமதுவிடம் சொன்னான், அவளுடைய குரலிலேயே நடித்தும் காட்டினான், தலைக்கு மேலே பார்க்கிற அந்தப் பார்வையைக்கூட விடவில்லை, நிசார் தோல் பதனிடும் பட்டை மூட்டையின்மேல் விழுந்து புரண்டான், உலகத்தில் புருஷன் உயிரோடு எதிரில் இருக்கும்போதே புருஷனை இழந்தவள் மாதிரி இத்தா இருக்கிற ஒரே பெண் என் பெண்டாட்டிதான் என்று அன்றைக்கு முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள், சிரித்தது எல்லாம் சரி, இரவு தலையணையில் சாய்ந்தபோது அந்தச் சிரிப்பு ஏன் கூட வரவில்லை...

சட்டையின் கையை இப்படி மடிக்கிறாளே, முழங்கையைத் தடவித் தடவி, சட்டைக்குள் ஆள் இருக்கிற மாதிரி. ஒரு வார்த்தை சொல்லலாம் அல்லவா, போகாதீங்க என்று, ஒரே வார்த்தை, மீதிப் பேச்சை எல்லாம் அவன் தயாராக வைத்திருந்தான், ஒரு பெண்ணின் கண்ணீருக்காக ஓர் இளைஞன் அமெரிக்காவையே தியாகம் செய்தான் என்று அப்பாஜானிடம் ஆரம்பித்துக் கூட்டத்தில் முடிப்பதாக ஏற்பாடு, கண்ணீர் மட்டும்தான் பாக்கி. "அந்தக் குளிர்ல மூக்கு உதிர்ந்து விழுந்துடுமாம்" என்றான் உத்தரத்தைப் பார்த்து. "விழட்டும். குறட்டையாச்சும் நிக்கும்." பேஜார்தான் இவளோடு. அப்புறம் நேராகவே கேட்டான், நான் போறதப் பத்தி நீ இன்னா சொல்ற. "நான் சொன்னா கேப்பீங்களா?" கேப்பேன் என்றான், எழுந்தே உட்கார்ந்துவிட்டான். சட்டையைப் பெட்டியில் வைத்தாள், மேலே ஒரு கையை வைத்து அமுக்கினாள். "கேக்க மாட்டீங்கன்னா சொல்லிருப்பேன்" என்றாள், எழுந்து பக்கத்து அறைக்கு மிளகாய் இடிக்கப் போய்விட்டாள்.

இதற்கு என்ன அர்த்தம்... கேட்பேன் என்பதால்தான் சொல்லவில்லை, சொன்னால் நின்றுவிடுவான், நின்றால் தூக்கின கை ஊர்வாயில் கிடக்கும், அதற்குக் காரணம் அவள் என்று ஆகும், இதையெல்லாம் யோசித்துவிட்டா சட்டை மடித்தாள். உலக்கைச் சத்தம் கேட்டது. ஐஸ் வந்தபோது இல்லாத ஒரு குளிர் இப்போது முதுகில் ஏறியது, அவள் நன்றாகப் பழகிவிட்டால்? அவன் பனிக்காலம் முழுக்க அங்கே இருந்துவிட்டுத் திரும்பி வருகிறான், வாசலில் ஜட்கா நிற்கிறது, அவள் பாவம் உள்ளுக்குள் வா வா என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பாள், ஆனால் கை அவளைக் கேட்காமல் ஒற்றைத் தட்டை எடுத்து வைத்தால்... ஆதிகேசவனைப் பார்த்து ஏன் அப்படிச் சிரித்தோம்.

வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம். "ஹபீப், தந்தி ஆபீஸ் மூடிடுவான், இன்னாடா சொல்ற." பக்கத்து அறையில் உலக்கை நிற்கவில்லை, ஒரே சீராக இடித்தது, அந்தச் சீர்தான் அவனைத் தீர்மானிக்க வைத்தது, வெள்ளிக்கிழமையிலிருந்து ஒருத்தி இவ்வளவு பாடுபட்டிருக்கிறாள், கடைசி நாளில் அதை வீணாக்க அவன் யார். "குடுத்துடுங்க அப்பாஜான்" என்றான், குரல் நன்றாகத்தான் வந்தது. அப்பாஜான் சரி என்று திரும்பிப் போனார், செருப்புச் சத்தம் தெருவோடு தேய்ந்தது.

ஹபீப் கதவை ஒருக்களித்துச் சாத்தினான். அவள் உட்கார்ந்திருந்த இடத்துக்குக் கொஞ்சம் மேலே, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான், தொண்டையைச் செருமிக்கொண்டான். "சைரா இருந்தா..." என்று ஆரம்பித்தான், அடுத்து என்ன வரவேண்டும் என்று தெரியவில்லை, இருந்தால் என்ன செய்வாள், எவ்வளவோ செய்வாள், ஒன்றும் வாயில் வரவில்லை. இன்னும் தாழ்ந்த குரலில் மறுபடி சொல்லிப் பார்த்தான், "சைரா இருந்தா இன்னேரம் டீ குடுத்திருப்பா."

உலக்கை நின்றது. மிளகாய் நைந்துவிட்டதா, அல்லது சுவர் அவ்வளவு மெல்லிசா... மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தான், அது மறுபடி இடிக்கவும் இல்லை, அவள் வரவும் இல்லை.